உனக்கு வைத்த பேர்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனாலும் கோப்பியில் சீனியைக் குறைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

தீபாவளிக்கு வந்தபோது நீ பென்டிரைவில் விட்டுப்போன 'மெட்ரோபொலிஸ்' படத்தைப் பார்த்துவிட்டேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னான். 1949இல் ஒசாமு தெசுகா வரைந்த படக்கதையாம், 2001இல் ரின்தாரோ என்பவர் பொம்மைப் படமாக எடுத்தாராம். 1927இல் வந்த ஜெர்மன் படத்து இயந்திரப் பெண்ணை தெசுகா ஒரே ஒரு போட்டோவில்தான் பார்த்திருந்தாராம். ஒரு போட்டோவிலிருந்து இவ்வளவா! 'பொம்மை வரையறதெல்லாம் ஒரு வேலையாம்மா' என்று உன்னைக் கேட்டவள் நான். இனிமேல் கேட்க மாட்டேன்.

படத்தில் வரும் ரோபோப் பெண் தீமா இருக்கிறாளே, தீப்பிடித்த கூடத்துக்குள் வெளிச்சமாக அவள் எழுந்து நின்றதும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். எஸ்டேட் மாரியம்மன் கோயிலை டவுனுக்குப் பக்கமாக மாற்றிக் கட்டியபோது, புதுச் சிலைக்கு ஸ்தபதி பொன்னூசியால் கண் திறந்தார். நீ என் இடுப்பில் இருந்தாய். முதலில் கண்ணாடியைத்தான் காட்டினார்கள். ஆத்தா தன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாங்கள் அவளைப் பார்த்தோம். தீமாவுக்கு யாரும் கண்ணாடி காட்டவில்லை. தன்னை மனுஷி என்றே நினைத்திருந்தாள். அவளைச் செய்யச் சொன்ன டியூக் ரெட்டின் வளர்ப்பு மகன் ராக் சுட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரிந்தபோதுதான் தெரிந்தது. அவளுக்கான சிம்மாசனம் மட்டும் எப்போதோ தயார்!

அந்த ஊரில் ரோபோவுக்கு மனுஷப் பேர் வைக்கக்கூடாதாம். துப்பறிய வந்தவர் கூட வரும் ரோபோவை, தன் நாயின் பேரைச் சொல்லி 'பெரோ' என்று கூப்பிடுகிறார். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. எஸ்டேட் ஆபீஸ் கிராணி, கூலி எழுதும் செக்ரோலில் தப்பாக எழுதிய பேர்தான் அவள் சாகும்வரை அடையாளக் கார்டில் நின்றது.

தீமாவுக்கு மட்டும் மனுஷப் பேர். டியூக் ரெட்டின் செத்துப்போன மகளின் பேர். முகமும் அவளுடையதுதான். அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உனக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள். எஸ்டேட் லயத்து வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். உனக்கு வைத்தது அவள் பேர். பாட்டி வேண்டாமென்றுதான் சொன்னாள், நான் கேட்கவில்லை. உன்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் இடது காதுக்குப் பின்னால், அவளுக்கு இருந்த மச்சத்தைத் தேடுவேன். உனக்கு இல்லை. இல்லையென்று தெரிந்த பிறகும் எத்தனையோ நாள் தேடினேன். இது அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

மிச்சப் படத்தை மறுநாள் தனியாகத்தான் பார்த்தேன். தீமாவோடு சுற்றிய பையன் கென்இச்சி அவள் கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் 'நான் யார்' என்று கேட்டுக்கொண்டே விழுகிறாள். அந்த டியூக்கைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

சைபர்ஜெயாவில் வேலை இடத்தில் உன்னை வேறு பேரில் கூப்பிடுகிறார்கள் என்று போன வருஷம் சொன்னாய். நாங்கள் வைத்த பேருக்கு என்ன குறை என்று சண்டை பிடித்தேன். அது என்ன பேர் என்று கேட்கவே இல்லை.

எழுது.

அம்மா