கல்வி வளர்ச்சி நாள்ல பசங்கள வெயில்ல நிறுத்தாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள கல்வி வளர்ச்சி நாளா கொண்டாடணும்னு 2006ல நம்ம சட்டசபைல தனிச் சட்டமே போட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா எங்க ஏரியா ஸ்கூல் ஒண்ணுல போன தடவ சீஃப் கெஸ்ட் வர லேட்டாகி பசங்கள வெயில்லயே நிக்க வச்சு கடைசில ஆளுக்கொரு மிட்டாய் குடுத்து அனுப்பிட்டாங்க. பசியோட பிள்ளைங்க படிக்கக் கூடாதுன்னு மதிய உணவு கொண்டுவந்த மனுஷனுக்கு இதுவா மரியாதை? மத்திய அரசு 2008ல இருந்து நாட்டோட முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பிறந்தநாள் நவம்பர் 11ஐ தேசிய கல்வி நாளா கொண்டாடுது, அது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது (லீவு இல்லல்ல!). பேச்சுப்போட்டி வைங்க, வேணாங்கல, அதோட படிப்ப நிறுத்தின பசங்க வீட்டுக்கும் அன்னிக்கு போய் கூப்பிட்டு வரலாமே சார்.

- ஒரு வாசகர், விருதுநகர்