காளை எங்கே போனது?

ஆசிரியருக்கு வணக்கம். 2025 ஜூலையில் திருப்பூர் தமிழன்ஸ் அணி டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் கோப்பையை வென்றபோது காரைக்குடி செக்காலை ரோட்டு டீக்கடையில் நாங்கள் நாலு பேர் கைதட்டினோம், மற்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். உங்களுக்கு என்ன திருப்பூரில் பனியன் கம்பெனியா என்று ஒருவர் கேட்டே விட்டார்.

அது எங்கள் அணி ஐயா! 2016-இல் தொடங்கியபோது அதன் பெயர் காரைக்குடி காளை, பத்ரிநாத் கேப்டன். நத்தத்திலும் நெல்லையிலும் சேப்பாக்கத்திலும்தான் ஆடினார்கள், காரைக்குடியில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. சரி, பெயராவது இருந்தது. 2021-இல் அதுவும் திருப்பூருக்குப் போய்விட்டது. தூத்துக்குடி அணி சேலமானதும், காஞ்சி அணி நெல்லையானதும் அதே வருடம்தான்.

முதலாளி பணம் போடுகிறார், விளம்பரம் கிடைக்கும் ஊருக்குப் போகிறார், அதில் தப்பில்லை. எங்கள் ஊர்க்காரர்களே பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை வைக்கப் போனவர்கள்தானே (வீட்டை மட்டும் இங்கே கட்டினார்கள், அது வேறு கதை). ஆனால் அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி 1996-இல் பால்டிமோருக்குப் போனபோது பெயர், நிறம், பழைய சாதனைகள் எல்லாம் கிளீவ்லேண்ட் ஊருக்கே என்று ஒப்பந்தம் போட்டார்கள், 1999-இல் அதே பெயரில் புது அணி வந்தது. காளை என்ற பெயரை எங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்களா? கிரிக்கெட் சங்கத்தில் யாராவது சொன்னால் தேவலை.

- ஒரு வாசகர், காரைக்குடி