கொடி ஏறியதும் கிளம்பிவிடும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

போன ஆகஸ்ட் 15 காலையில் ஊராட்சி அலுவலக வாசலில் நின்ற கூட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சட்டையில் கொடி குத்தியிருந்தோம், பிள்ளைகள் பாடினார்கள், மிட்டாய் வாங்கிக்கொண்டோம், செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று. பதினொரு மணிக்கு அதே இடத்தில் கிராம சபை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி காலி. வந்திருந்தவர்களிலும் பெரும்பாலானோர் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்கள்தான், அதுவும் வராவிட்டால் வேலை தரமாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்ததால். மிட்டாய்க் காகிதம் மட்டும் எல்லா இடத்திலும் கிடந்தது.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது கிராம சபைத் தீர்மான நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள், ஒரு கையில் டம்ளரை வைத்துக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டேன். என்ன தீர்மானம் என்று கேட்கக்கூட இல்லை. அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, வீடு கட்டும் திட்டப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று என்னிடம் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? தெரியாது பெரியம்மா என்றேன். உண்மையும் அதுதான், அதுதான் கேவலமும்.

சுதந்திரம் என்றாலே நமக்குச் செக்கிழுத்த வ.உ.சி.யும் கொடியைப் பிடித்தபடியே அடிபட்டு விழுந்த திருப்பூர் குமரனும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். வரட்டும், வரவேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களை நினைத்ததும் நமக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது, நம்மால் அதெல்லாம் ஆகுமா என்று. எனக்கு வேறு ஆட்களைச் சொல்லத் தோன்றுகிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி நூறு பேர் அளவில் திரட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்கு யாராவது சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று மிரட்டினார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி வழியோர மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் சமைத்தது, யார் கட்டியது, ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கடமை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, சட்டம் கூடாது என்றுதான் சொன்னது.

நம் அரசியல் சாசனத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, 51ஏ பிரிவு. 1976-ல் சேர்த்தார்கள். நெருக்கடி நிலையில் உரிமைகளை முடக்கி வைத்திருந்த நேரத்தில்தான் கடமைகளை எழுதிக் கொடுத்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. கொடியை மதிப்பது அதில் உண்டு, பொதுச் சொத்தைக் காப்பது உண்டு, ஆனால் ஓட்டுப் போடுவதுகூட அந்தப் பட்டியலில் இல்லை, கிராம சபைக்கு வருவதும் இல்லை. அதனால் வராதவரை யாரும் பிடித்து உள்ளே போடப்போவதில்லை. பயப்படாதீர்கள்.

சரி, கிராம சபை என்றால் என்ன? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர்கள். சட்டசபைக்கு ஒருவரை அனுப்பிவிட்டு அவர் பேசுவாரா என்று ஐந்து வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, இங்கே நாமே எழுந்து பேசலாம். ஊராட்சிகளுக்கான அரசியல் சாசனத்தின் 73வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து, அடுத்த வருடம் நம் மாநிலத்தில் தனிச் சட்டமும் வந்தது. வரவு செலவைச் சபையில் வைத்தாக வேண்டும், பயனாளிகள் பட்டியலையும் வைத்தாக வேண்டும், தலைவர் இருந்தாலும், தலைவர் இல்லாதபோது அரசு அந்த இடத்தில் வைக்கும் தனி அலுவலர் இருந்தாலும் இதேதான். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வரவேண்டும் என்று குறைவெண் வரம்பு ஒன்று உண்டு. மக்கள்தொகை 3,000-க்கு மேல் 10,000-க்குள் இருக்கிற நம்மைப் போன்ற ஊராட்சிக்கு அது 200 பேர். அன்று நான் தலையை எண்ணிப் பார்த்தேன், அறுபதைத் தாண்டவில்லை. ஆனால் பிற்பாடு நோட்டில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. எப்படி என்று உங்களுக்கே தெரியும், டீக்கடையும் இருக்கிறது, வீட்டுத் திண்ணையும் இருக்கிறது.

"போய் என்ன ஆகப்போகிறது, அவர்கள் எழுதுவதைத்தான் எழுதுவார்கள்" என்று சொல்வீர்கள். அறுபது பேர் இருந்தால் எழுதுவார்கள்தான். முந்நூறு பேர் உட்கார்ந்துகொண்டு தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் எழுதுகிறவர் கை கொஞ்சம் யோசிக்கும் என்பது என் கணக்கு. தப்பாகவும் இருக்கலாம், ஆனால் நாம் இதுவரை அதைச் செய்து பார்த்ததே இல்லையே.

அக்டோபர் 2 அன்று மறுபடியும் சபை கூடுகிறது. குடிநீர்க் குழாயோ தெருவிளக்கோ எதுவாக இருந்தாலும் மனுவாக எழுதி இரண்டு பிரதி கொண்டுவாருங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்காக நான் எழுதிக் கொடுத்த மனுவில் அதை வாங்காமல் விட்டுவிட்டேன், இப்போது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்கிறார்கள்.

இப்படிக்கு,
நோட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவன்