வயிற்று அச்சு எடுக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள செல்வி,

பிள்ளை சுமக்கும் வயிற்றுக்கு மாவுக்கட்டு போட்டு, அந்த வடிவத்தை அச்சாக எடுக்கட்டுமா என்று நீ கேட்டதும் அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். கண்பட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் கிடையாது. நீ தாராளமாக எடு. ஆனால் பெரியாஸ்பத்திரி கட்டு ரூமிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், பிளாஸ்டரின், அதாவது அந்தக் கட்டு மாவின் குணம் தெரிந்து எடு. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். வேலை செய்யப்போவது அவர் கைதானே.

பொடியாக வாங்கிக் கரைத்து ஊற்றும் யோசனை இருந்தால் இன்றே விட்டுவிடு. ஜிப்சம் கல்லைத்தான் பிளாஸ்டர் ஆக்குகிறார்கள். நம் ஊட்டத்தூர், அரியலூர்ப் பக்கம் மண்ணுக்குள் கிடைக்கிறதே, அதே கல். அதை 150 டிகிரி வாக்கில் வறுத்தால் உள்ளே இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். நாம் தண்ணீர் விட்டதும் அந்த நீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு கல்லாக இறுகும். இறுகும்போது சூட்டை வெளியே விடும். மெல்லிசாக இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். கனமாக இருந்தால் போக வழியில்லாமல் தோலை வேகவைத்துவிடும். 2007-இல் இங்கிலாந்தில், உங்கள் நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்து லிங்கன்ஷயரில், ஒரு பள்ளியின் கலை வகுப்பில், 16 வயதுப் பெண் அச்சுக்காகக் கரைத்த பிளாஸ்டருக்குள் கைகளை வைத்தாள். இறுகியபின் கையை எடுக்க முடியவில்லை. விரல்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அந்தச் செய்தியை இன்றும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

மாவு தேய்த்த துணியாக வரும் பேண்டேஜ் ரோல் அப்படியில்லை. 1850-களின் தொடக்கத்தில் மத்தைசன் என்ற டச்சு ராணுவ டாக்டர் துணியில் பொடியைத் தேய்த்துக் கட்டுப்போடக் கண்டுபிடித்தார். நீ வாங்கப்போவதும் அந்த வழியில் வந்ததுதான். ஆறு இஞ்ச் அகல ரோல் நாலைந்து போதும். தண்ணீர் தொடும் முன்பே ஒரு முழத் துண்டுகளாக எல்லாவற்றையும் வெட்டி வைத்துவிடுங்கள். ஈரக்கையோடு கத்தரிக்கோலை எடுத்தால் மிச்ச ரோலும் கெட்டுவிடும்.

வெந்நீர் கூடவே கூடாது. தண்ணீர் சூடாக இருந்தால் கட்டும் சீக்கிரம் இறுகும், சூடும் கூடும். வெதுவெதுப்பே அதிகபட்சம். தண்ணீர் பாலாக வெளுத்துவிட்டால் கொட்டிவிட்டு வேறு எடுங்கள். அந்தப் பழைய தண்ணீரும் சூட்டைக் கூட்டும். துண்டை முக்கினால் குமிழி வரும். குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு விரல் இடுக்கில் வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை வழிக்க வேண்டும். துணி பிழிவதுபோல் முறுக்கினால் மாவெல்லாம் தண்ணீரோடு போய்விடும். வயிற்றில் வைத்ததும் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தால் வலைக்கண்ணெல்லாம் மாவு நிரம்பி வழவழப்பாகும். விரல்நுனியால் அழுத்தினால் அந்தக் குழி அப்படியே நின்றுவிடும். மூன்று, நான்கு அடுக்குக்கு மேல் வேண்டாம். ஓரத்தில் மட்டும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

முன்பக்கம் மட்டும் ஒட்டுங்கள், விலாவைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் சுற்றிப் போட்டாலும் வெட்டி எடுக்க மெஷின் இருக்கிறது, உங்களிடம் இல்லை. வாஸ்லினைத் தாராளமாகத் தடவு. தொப்புளுக்குள்ளும், அதற்குக் கீழே முடி இருக்கும் இடத்திலும் இன்னும் கொஞ்சம். இல்லாவிட்டால் கழற்றும்போது உயிர் போகும்.

மல்லாந்து படுக்காதே. இந்த மாதத்தில் பிள்ளையின் பாரம் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை சுற்றும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, வயிறு மடங்காதபடி உட்கார். 35 வாரம் வாக்கில் எடுத்தால் வயிறும் எடுப்பாக இருக்கும், உனக்கும் உட்கார முடியும். ஆனால் உன்னைக் கவனிக்கும் பிரசவ நர்ஸ் மிட்வைஃபிடம் முதலில் ஒரு வார்த்தை கேள். பிரஷரோ, வயிற்றில் அரிப்போ தடிப்போ இருந்தால் வேண்டாம்.

குளிருகிறதே என்று மேலே போர்வை போத்திவிடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். ஹீட்டரைப் போட்டு ரூமை முன்பே சூடாக்கி வையுங்கள். லேசான கதகதப்பு வரும், அது சரி. சுரீர் என்றால் பாதியில் இருந்தாலும் உடனே உரித்து எடுத்துவிடுங்கள். அச்சு போனால் போகட்டும். எல்லாம் சரியாக இருந்தால் கால் மணி, இருபது நிமிஷத்தில் மினுமினுப்பு மங்கும், தட்டினால் கெட்டிச் சத்தம் கேட்கும். அப்போது முன்னால் குனிந்து வயிற்றை எக்கினால் காற்று புகுந்து தானே கழன்றுவரும். உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி வைத்து, வடிவம் தளராமல் இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். மாவுத் தண்ணீரைச் சிங்கில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும். தெளியவிட்டு அடியில் நிற்பதைக் குப்பையில் போடுங்கள்.

இத்தனை தூரம் நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ வயிற்றில் இருந்தபோது, அம்மாவின் வயிறு தெரிகிற ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. கூடாது என்று அப்பத்தா சொன்னார்கள், மறுத்துப் பேச ஆளில்லை. வளைகாப்புப் படத்தை எடுத்துப் பார். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், மடியில் வெற்றிலைத் தட்டு. அந்தத் தட்டுக்குப் பின்னால்தான் நீ இருந்தாய். அம்மா எப்படி இருந்தாள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் உனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. உன் பிள்ளைக்கு நீ காட்ட வேண்டும்.

நான் போட்ட கட்டெல்லாம் எலும்பு அசையக் கூடாது என்று போட்டவை. உன் கட்டுக்கு அடியில் பிள்ளை பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருக்கும். ஈரமாக இருக்கும்போது உதைத்தால் தேய்க்கிற உள்ளங்கைக்குத் தெரியும் என்று மாப்பிள்ளையிடம் சொல், அவசரப்படாமல் தேய்க்கட்டும்.

ரோல் வந்ததும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. இறுகும் நேரம் அதில் போட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் மாறும். எடுப்பதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை என்னை வீடியோவில் கூப்பிட்டு, தன் முழங்காலில் வாஸ்லின் தடவி இரண்டு துண்டு ஒட்டிப் பழகட்டும். அச்சு எடுக்கிற அன்றைக்கு அம்மாவைக் கூப்பிடு. வேண்டாம் என்பாள், ஆனாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா