11-ஆம் வகுப்பிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் 12-ஆம் வகுப்பு படிக்கிறாள், ஐஐடியில் சேர வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறாள், ஆனால் அதற்கான முதல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கும் என்பதே எங்களுக்கு டிசம்பரில்தான் தெரிந்தது, அதற்குள் ஜனவரித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி போய்விட்டது. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். சரி, அதைத் தாண்டினால் வரும் இரண்டாவது தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு? ஆங்கிலம், இந்தி மட்டும்தான், ஒரே நாளில் 3 மணி நேரம் வீதம் 2 தாள். இப்போது இயற்பியல் புத்தகத்தில் 'முடுக்கம்' என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஆக்சிலரேஷன் என்று எழுதி எழுதிப் படிக்கிறாள். தர்மபுரி மாவட்டப் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதமே பிள்ளைகளோடு பெற்றோரையும் உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லுங்கள்.

ஒரு தாய், பாலக்கோடு