கொட்டியவன் பணம் வரும்வரை யார் பார்ப்பது?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கரையில் இன்றைக்குக் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் எதுவும் ஒதுங்கவில்லை. ஒதுங்காத நாளில்தான் இந்தப் பணத்தைக் கேட்கவேண்டும் என்று குழுவில் முடிவெடுத்தோம், ஏனென்றால் எண்ணெயில் நனைந்த பறவையின் படம் எல்லோர் போனிலும் சுற்ற ஆரம்பித்த பிறகு வருகிற பணம் நல்ல மனசோடுதான் வரும், ஆனால் அதற்குள் எண்ணெய் முகத்துவாரத்தைத் தாண்டி அலையாத்திக் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

கேட்பது ஒரு பொதுக்கிடங்குக்கு. கரையோரத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து வைத்துக்கொள்ளும் ஒரு கொட்டகை, அதற்குள் மிதவை வேலி (தண்ணீரில் மிதந்து எண்ணெயைத் தடுப்பது), கையுறை, ரப்பர் பூட்ஸ், ஆவியைத் தடுக்கும் முகமூடி, கனமான பிளாஸ்டிக் விரிப்பு, அகலமான மண்வெட்டி, வாளி. வருஷத்துக்கு இரண்டு ஒத்திகை. அவ்வளவுதான் திட்டம்.

2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் மொரிஷியஸ் தீவின் பவளத்திட்டில் ஏறி நின்றது. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6. நடுவில் 12 நாள். சுமார் 1,000 டன் எண்ணெய் வெளியே வந்த பிறகு, ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, காலி பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு, ராப்பகலாகத் தடுப்பு தைத்தார்கள். உலகமே கைதட்டியது, நாங்களும் தட்டினோம். ஆனால் குழுவில் ஒருவர் கேட்டார்: இந்தத் தையல் வேலை கப்பல் திட்டில் ஏறுவதற்கு முன்னாலேயே முடிந்திருந்தால்? அந்தக் கேள்வியில்தான் கிடங்கு யோசனையே ஆரம்பித்தது.

எண்ணூர் பக்கம் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெய் அள்ளியதைப் பார்த்து நிறையப் பேர் கேலி செய்தார்கள். அது சரியான கேலி இல்லை. எண்ணெய் அலையில் அடிபட்டுக் கடல்நீரை உறிஞ்சி, மூன்று நான்கு மடங்கு பருத்து, கூழாகிவிட்டால் பம்பு திணறும். அங்கே கையும் வாளியும்தான் வழி. 2002இல் பிரெஸ்டீஜ் கப்பல் மூழ்கியபோது ஸ்பெயினின் கலீசிய மீனவர்களும் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். நாம் கோபப்பட வேண்டியது, எண்ணூரில் பலர் சரியான கையுறைகூட இல்லாமல் அதில் இறங்கி நின்றதற்கு. புதிய எண்ணெயிலிருந்து கிளம்பும் ஆவியில் பென்சீன் இருக்கும், தலை சுற்றும், குமட்டும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. "கொட்டியவன்தானே கட்டவேண்டும், நாங்கள் ஏன் தரவேண்டும்?" நியாயம். கொட்டியவன்தான் கட்டவேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எண்ணெய் ஏற்றிப்போகும் டேங்கர் கப்பலிலிருந்து கொட்டும் கச்சா எண்ணெய்க்கு, கப்பல் முதலாளியின் காப்பீடு போதாவிட்டால் கொடுப்பதற்கென்றே 1992ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் ஒரு சர்வதேச நிதி இருக்கிறது. ஆனால் வாகாஷியோ மாதிரி டேங்கர் அல்லாத கப்பலின் எரிபொருள் கசிந்தால் அந்த நிதி வராது, அதற்கு வேறு உடன்படிக்கை, வேறு வரம்பு. எதுவானாலும் சரி, பணம் வருவதற்கு வருஷக்கணக்காகலாம், அதுவும் ரசீதும் பதிவும் காட்டினால்தான் வரும். எந்தப் படகு எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை, யார் எத்தனை மணி நேரம் அள்ளினார்கள், எந்த வலை வீணானது என்று அன்றன்றைக்கு எழுதி வைத்தவர்களுக்குத்தான் பேச வாய் இருக்கும். அதனால் கிடங்கில் முதலில் வாங்கி வைக்கப்போகும் பொருள் நோட்டுப்புத்தகம். சிரிக்காதீர்கள்.

ஆக, உங்களிடம் கேட்பது முதல் மூன்று நாளுக்கான பணம். அந்த மூன்று நாளில் நிறையச் செய்யலாம். எண்ணெய் கரையைத் தொடுவதற்கு முன்பே மணலில் கிடக்கும் பிளாஸ்டிக், கட்டை, அறுந்த வலை எல்லாவற்றையும் பொறுக்கி மேலே ஏற்றிவிட்டால் பின்னால் வரும் வேலை நிறையக் குறையும், ஏனென்றால் எண்ணெய் பட்ட குப்பை ஒவ்வொன்றும் நச்சுக் கழிவு. 1999இல் பிரான்ஸ் கரையருகே எரிகா என்ற டேங்கர் உடைந்து சுமார் 20,000 டன் கொட்டியது. கரையிலிருந்து அள்ளிய கழிவு ஏறத்தாழ 2 லட்சம் டன். எண்ணெயை விட எண்ணெய் பட்ட மணலும் குப்பையும்தான் மலையாகக் குவிகிறது. அதைப் போட இடமும், அடியில் விரிக்க விரிப்பும் இல்லாவிட்டால், கடலில் அள்ளியது நிலத்தடி நீருக்குள் இறங்கும்.

மிதவை வேலிதான் கிடங்கிலேயே விலை கூடிய பொருள். நீரோட்டம் நொடிக்கு 35 செ.மீ. அளவைத் தாண்டினால், குறுக்கே நேராகக் கட்டிய வேலிக்கு அடியில் எண்ணெய் நுழைந்து போய்விடும், சாய்வாகக் கட்டி ஓரத்துக்கு ஒதுக்கவேண்டும். எந்தக் கோணம், எந்தக் கம்பத்தில் கட்டுவது என்பதை ஓதம் ஏறும் நேரத்தில் ஒருமுறையாவது செய்து பார்க்காமல் தெரியாது. ஒத்திகைக்குப் பணம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

செய்யக்கூடாததும் கற்றுக்கொள்ள வேண்டும். 1967இல் டோரி கேன்யன் கப்பல் விபத்தில் இங்கிலாந்துக் கரையில் சுமார் 10,000 டன் எண்ணெய்க் கரைப்பான் தெளித்தார்கள், எண்ணெயில் தப்பிய நத்தையும் சிப்பியும் அதில் செத்தன. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டிய எண்ணெயை அலாஸ்காவில் வெந்நீர் பீய்ச்சிக் கழுவிய இடங்களிலும் அதே கதை. நல்லெண்ணத்தோடு சேற்றில் நூறு பேர் இறங்கி நடந்தால் எண்ணெய் வேரடிக்குப் போகும். பறவையை உடனே பிடித்துக் கழுவுவதும் கூடாது, அதற்கு முதலில் கதகதப்பும் தண்ணீரும் ஓய்வும், கழுவுவது பழகியவர்கள் வேலை.

எவ்வளவு தரவேண்டும்? தொகை சொல்லப்போவதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கான கவசம் ஒரு பங்கு. ஒரு மீட்டர் வேலி இன்னொரு பங்கு. முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு பேர் சேர்ந்து ஒரு மீட்டர் கொடுத்தாலும் சரி. தலைமுடி, வைக்கோல் அனுப்பவேண்டாம், உதிரியாகப் போட்டால் தண்ணீர் குடித்து மூழ்கிவிடும், அதைத் தேடி எடுப்பது இரட்டை வேலை. பழைய பருத்தித் துணி அனுப்பலாம். 2007இல் தென்கொரியாவின் டேயான் கரையில் எண்ணெய் கொட்டியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்து, பலர் பழைய துணியால்தான் பாறை பாறையாகத் துடைத்தார்கள். பாலியெஸ்டர் வேண்டாம்.

ட்ரோன் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாங்கவில்லை. அந்தக் காசுக்குக் கையுறை வாங்குகிறோம். (யோசனை சொன்ன தம்பிக்கு இன்னும் வருத்தம்தான்.)

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும், தனி ஆள் யார் கையிலும் கொடுக்காதீர்கள், எங்கள் கையிலும்கூட. ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர் ரசீது தருவார், வரவுசெலவை மாதாமாதம் கொட்டகைக் கதவில் ஒட்டுவோம். எந்த நிறுவனத்தின் பெயரையும் வேலியில் அச்சடிக்கச் சம்மதிக்கமாட்டோம், எண்ணெய் ஏற்றும் கம்பெனி பணம் தந்தால் வாங்குவதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

வேலி வந்து சேர்ந்ததும் முதல் ஒத்திகை. பணம் தராதவர்களும் வரலாம். பழைய செருப்பு போட்டு வாருங்கள், நல்லது திரும்பி வராது.