அப்பாவுக்கு, நைரோபியிலிருந்து

நைரோபி
4 அக்டோபர் 2020

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பி போட்டோ எடுத்து அனுப்பின உங்க லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு. உடனே பதில் போடாதது தப்புதான்ப்பா. போன்ல பேசிக்கிறோமேன்னு விட்டுட்டேன், ஆனா போன்ல நீங்களும் "சாப்பிட்டியா"ன்றதுக்கு மேல போறதில்ல, நானும் போறதில்ல.

நல்லா சாப்பிடுறேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. மக்காச்சோள மாவுல உகாலின்னு ஒண்ணு கிண்டுறாங்க, நம்ம களி மாதிரியே இருக்கும், அதுக்கு சுகுமான்னு ஒரு கீரை. குளிரும் விட்டாச்சு, ரோடு பூரா ஜகரண்டா பூ ஊதா கலர்ல கொட்டிக் கெடக்கு. ஆபீஸ்ல வேலை கொஞ்சம் கம்மி, கொரோனாவால, வேற ஒண்ணுமில்ல.

இந்தக் கென்யா பார்லிமென்ட்டைக் கலைக்கச் சொல்லிட்டாங்களாமே, என்ன விஷயம்னு கேட்டிருந்தீங்க. எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தது பக்கத்து வீட்டு ம்ஸேதான். ம்ஸேன்னா பெரியவர், இங்க வயசானவங்களை மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க. சட்டைப் பையில எப்பவும் அரசியல் சட்டப் புத்தகம் வச்சிருப்பார், கடைக்குப் போனாலும் சரி. 2007 எலெக்‌ஷனுக்கு அப்புறம் நடந்த கலவரத்துல ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்கல்ல, அப்ப எல்டொரெட்ன்ற ஊர்ல வீட்டை விட்டுட்டு ஓடி வந்தவர். ஓட்டு எண்ணுறவங்களையும் நம்ப முடியல, கோர்ட்டையும் நம்ப முடியல, அதனாலதான் தெருவுல வெட்டிக்கிட்டோம்னு சொல்வார். அதுக்கப்புறம் 2010 ஆகஸ்ட்ல மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டு புது அரசியல் சட்டம் கொண்டு வந்தாங்க.

அதுல எனக்குப் பிடிச்சதே பார்லிமென்ட்டுக்கு கெடு வச்சதுதான்ப்பா. சும்மா "சட்டம் இயற்றலாம்"னு விடல, கடைசில ஒரு அட்டவணை போட்டு எந்தச் சட்டம் எத்தனை வருஷத்துக்குள்ளன்னு எழுதிட்டாங்க. தேர்தல் சட்டம், தேர்தல் கமிஷன் சட்டம், பழைய ஜட்ஜுங்க ஒவ்வொருத்தரையும் திரும்ப விசாரிச்சு தகுதி பாக்குற சட்டம், எல்லாம் ஒரே வருஷம். அதெல்லாம் 2011லயே வந்துடுச்சு, சில ஜட்ஜுங்க வேலையும் போச்சு. கெடு தாண்டினா யார் வேணும்னாலும் கோர்ட்டுக்குப் போகலாம், கோர்ட் உத்தரவு போட்டும் செய்யலன்னா சீஃப் ஜஸ்டிஸ் ஜனாதிபதிகிட்ட பார்லிமென்ட்டைக் கலைக்கச் சொல்லணும்.

அதுதான் இப்ப நடந்திருக்கு. எந்த அவையிலயும் ஒரே பாலினம் மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி, அதுக்கான சட்டத்துக்கு அஞ்சு வருஷக் கெடு. 2015ல முடிஞ்சு, ஒரு வருஷம் நீட்டி, அதுவும் போச்சு. 2019 பிப்ரவரில ஓட்டுக்கு வந்தப்ப 233 பேர் வேணும், சபைக்கு அத்தனை பேரே வரல. கடைசில சீஃப் ஜஸ்டிஸ் டேவிட் மராகா போன மாசம் 21ஆம் தேதி கலைக்கச் சொல்லி எழுதிட்டார். மூணே நாள்ல ஹைகோர்ட் அதுக்குத் தடை போட்டுடுச்சு, இனி என்ன ஆகும்னு தெரியல, ஆனா பார்லிமென்ட்டைப் பார்த்து நீங்க உங்க வேலையைச் செய்யலன்னு எழுத்துல கேட்க முடிஞ்சதே, எனக்கு அது பெரிய விஷயமா தெரியுது.

இன்னொண்ணு, உங்களுக்காகவே கேட்டு வச்சேன். நீங்க எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போனா பெட்டியை ஒப்படைச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வருவீங்க, அம்மா சுக்கு காபி போட்டு முழிச்சிருப்பாங்க. இங்க பூத்துலயே எண்ணி அங்கயே 34ஏன்ற பாரத்துல எழுதிடுறாங்க. 2017ல அந்தப் பாரங்களை மேல அனுப்பினதுல குளறுபடி, சுப்ரீம் கோர்ட் ஜனாதிபதி எலெக்‌ஷனையே செல்லாதுன்னுடுச்சு. அந்த மாதிரி கேஸை 14 நாளுக்குள்ள முடிக்கணுமாம். 14 நாள்ப்பா. நம்ம வயல் கேஸ் பதினோரு வருஷமா வாய்தா.

நேத்து ம்ஸே ஒவ்வொரு வரியா விரலை வச்சு வச்சு படிச்சுக் காட்டிட்டிருந்தார், நீங்க திண்ணையில பேப்பர் படிப்பீங்கல்ல, அதே மாதிரி. அடுப்புல ஏதோ வச்சிருக்கேன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல. டிக்கெட் விலை இறங்கட்டும், வந்துடுறேன்.

வக்கீல் ஃபீஸ் இந்த மாசக் கடைசில அனுப்புறேன், பேங்க்ல ஒரு சின்ன விஷயம் முடியணும். சித்தப்பா சமாதானத்துக்கு வர்றார்னா நல்லது, கேஸை முடிச்சுடுங்க. ஆனா அத்தைகிட்ட விடுதலைப் பத்திரம் வாங்கிட்டு நீங்க ரெண்டு பேரும் பாதி பாதி எடுத்துக்கிறதுன்னு எழுதியிருந்தீங்களே, அது எனக்கு மனசு ஒப்பலப்பா. தாத்தா சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். போன டிசம்பர்ல அத்தை வார்டுக்கு நின்னப்ப நீங்கதானே வீடு வீடா போய் ஓட்டு கேட்டீங்க. அவங்களா பங்கு கேட்க மாட்டாங்க, கையெழுத்து போடுங்கன்னா போட்டுடுவாங்க, அதனாலதான் நான் கேட்கிறேன். மூணு பங்கா எழுதச் சொல்லுங்க, டிராஃப்ட் வந்ததும் தம்பியை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பிபி மாத்திரையை விட்டுடாதீங்க.

உங்க அன்பு மகள்